ஆங்கிலத்தின் ‘டேக்’ வினையை ஸ்பானிஷில் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொழும்பில் என்னிடம் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புப் பழக வருகிறவர்களில் பெரும்பாலானோர் சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள். வெள்ளவத்தையில் தங்குமிடம் நடத்துகிறார்கள், வான் ஓடுகிறார்கள், பயணத் திட்டங்களைத் தட்டச்சு செய்கிறார்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘டேக்’ வந்தால் உடனே ஸ்பானிஷில் ‘தொமார்’ என்று போட்டுவிடுகிறார்கள்.

தொமார் பிழையான சொல் இல்லை. ஆனால் கோவில் வாசலிலும் பஸ் தரிப்பிடத்திலும் மருந்துக் கடையிலும் ஒரே ‘டேக்’கை வைத்துச் சமாளிக்கும் ஆங்கிலத்தின் வழக்கம் ஸ்பானிஷில் இல்லை. அங்கே ஒவ்வொரு செயலுக்கும் தனி வினை உண்டு. ஆகவே ‘டேக்’குக்கு ஸ்பானிஷில் என்ன என்று கேட்காதீர்கள். இந்த வாக்கியத்தில் யார் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். அதைக் கண்டுபிடிக்க நமக்குத் தமிழ் கை கொடுக்கும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் முழு வாக்கியம் வேண்டும். பயணத் திட்டங்கள் எக்செல் கட்டங்களில் துண்டு துண்டாக வரும். ஒரு கட்டத்தில் ‘டேக் பாஸ்போர்ட்’ என்று மட்டும் இருந்தால் கை வைக்காதீர்கள். கடவுச்சீட்டைக் கூடக் கொண்டுபோகச் சொல்கிறார்களா, வரவேற்பில் கொடுத்ததைத் திருப்பி வாங்கச் சொல்கிறார்களா? இரண்டுக்கும் வேறு வேறு வினை. அனுப்பியவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகு எழுதுங்கள்.

அடுத்தது, வாசிக்கப் போகிறவர் யார் என்ற விவரம். ஸ்பெயின்காரரா, மெக்சிகோ, ஆர்ஜென்டினா பக்கத்தவரா? ‘டேக்’ விஷயத்தில் இது உண்மையிலேயே முக்கியம். ஏன் என்பது ஆறாம் படியில் வரும்.

மரியாதை வடிவத்தையும் முதலிலேயே தீர்மானியுங்கள். ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். ஸ்பானிஷில் ‘உஸ்தெத்’ நமது நீங்கள், ‘தூ’ நமது நீ. விருந்தினருக்கான அறிவித்தல்களில் உஸ்தெத்தில் எழுதினால் தவறாது. பாதியில் மாற்றினால் எல்லா வினைகளையும் திரும்ப எழுத வேண்டிவரும்.

விசைப்பலகையில் ஸ்பானிஷைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுத்தக்குறி அலங்காரத்துக்கு இல்லை. பத்தாம் படியில் பாருங்கள்.

அகராதி இரண்டு தேவை. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள ஆங்கிலம்–ஸ்பானிஷ் அகராதி ஒன்று. மற்றது ஸ்பானிஷ் அரச அகாடமியின் இணைய அகராதி. ஒரு பொருள் எந்த நாட்டில் வழங்குகிறது என்று அதில் குறித்திருப்பார்கள்.

இங்கே ஸ்பானிஷ் சொற்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். ‘ஹ’ என்று வருவது ஸ்பானிஷில் ஜே எழுத்து, அல்லது ஈ, ஐ எழுத்துகளுக்கு முன்னால் வரும் ஜி. யெவார் என்பது இரட்டை எல்லில் தொடங்கும். தகரம் எல்லாம் நம் தகரம்தான், ஆங்கில டகரம் இல்லை.

## 2. ஒட்டிக்கொண்டு வரும் சொல்லை முதலில் பாருங்கள்

‘டேக்’குக்குப் பின்னால் வேறொரு சொல் ஒட்டிக்கொண்டு நின்றால் பொருள் அந்தக் கூட்டில்தான் இருக்கும். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வினையை முதலில் மொழிபெயர்த்துவிட்டால் ‘ஆஃப்’, ‘பிளேஸ்’ போன்றவை அந்தரத்தில் தொங்கும். அதையும் சொல்லுக்குச் சொல் மாற்றத் தொடங்குவீர்கள்.

‘டேக் ஆஃப்’ கட்டுநாயக்கவில் விமானம் செய்தால் தெஸ்பெகார். மனிதர் உடுப்பில் செய்தால் கித்தார்ஸே. ‘டேக் பிளேஸ்’ என்பது தெனேர் லுகார். எசல பெரஹெர போன்ற விழா என்றால் செலெப்ரார்ஸே இன்னும் நன்றாக இருக்கும். ‘டேக் கெயார்’ குய்தார். குளிப்பதற்கு துச்சார்ஸே. காலி முகத்திடலில் உலாவப் போவதை ஸ்பானிஷில் ‘தார் உன் பஸேயோ’ என்பார்கள். தார் என்றால் கொடு.

விளம்பரங்களில் வரும் ‘டேக் அட்வான்டேஜ்’ ஆபத்தானது. நல்ல வாய்ப்பைப் பயன்படுத்துங்கள் என்றால் அப்ரோவெச்சார். அதோடு ‘ஸே’யும் ‘தே’யும் சேர்ந்து அப்ரோவெச்சார்ஸே தே ஆனால், பெரும்பாலும் ஒருவருடைய இளகிய மனத்தையோ இயலாமையையோ சுரண்டுவது என்ற பொருளுக்குப் போய்விடும். சலுகை விளம்பரத்தில் இந்தப் பிழை வந்தால் உங்கள் வாடிக்கையாளர்தான் தலைகுனிய வேண்டும்.

## 3. வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஒட்டுச்சொல் இல்லையென்றால் வாக்கியத்தை வாய்விட்டுத் தமிழில் சொல்லுங்கள். பத்திரிகைத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழ். ‘மேற்கொள்ளவும்’ போன்ற சொற்கள் ஆங்கிலத்தைப் போலவே எதையும் பிரித்துக் காட்டாது. வீட்டுத் தமிழ் காட்டும்.

சப்பாத்தைக் கழற்று. குளிசை போடு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. குடையைக் கொண்டு போ. ஆங்கிலத்தில் இவை எல்லாம் ‘டேக்’. தமிழில் ஒவ்வொன்றுக்கும் வேறு வினை விழுந்துவிட்டது. ஸ்பானிஷுக்கான வேலையில் பாதி அங்கேயே முடிந்தது.

புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே பார்ப்பார்கள். ஆங்கிலத்திலிருந்து நேரே போனால் வேகம் என்று நினைப்பு. நான் விடமாட்டேன். ஒவ்வொரு ‘டேக்’குக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழ் வினையை எழுதிவிட்டுத்தான் அகராதியைத் திறக்க வேண்டும்.

## 4. விடை ‘எடு’ என்று வந்தால் இன்னொரு தரம் கேளுங்கள்

தமிழ் என்ற சல்லடையிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு: ‘எடு’. பஸ் எடுக்கிறோம், படம் எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், மூன்று மணித்தியாலம் எடுக்கும் என்கிறோம். ஆங்கில ‘டேக்’கைப் போலவே இதுவும் எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்ளும்.

அதனால் ‘எடு’ வந்தால், அந்த இடத்தில் வேறு தமிழ் வினையை வைத்துப் பாருங்கள். ‘வெளியே எடு’ என்று விரித்துச் சொல்ல முடிந்தால் சக்கார்: வங்கி இயந்திரத்தில் காசு எடுப்பது, பையிலிருந்து எடுப்பது. ‘ஏறிப் போ’ என்று மாற்ற முடிந்தால் வாகனம், ஆறாம் படிக்குப் போங்கள். ‘செல்லும்’, ‘ஆகும்’ என்று மாற்ற முடிந்தால் நேரம், எட்டாம் படி. முடிவு, குறிப்பு போன்றவற்றில் எந்த மாற்றும் சரிவராது. அங்கே தொமாரையே போடலாம்.

## 5. கொண்டுபோவதும் கூட்டிக்கொண்டு போவதும்

பொருளைக் கொண்டுபோனாலும் ஆளைக் கூட்டிக்கொண்டு போனாலும் ஸ்பானிஷில் ஒரே வினை, யெவார். சுற்றுலா எழுத்தில் இதுதான் அதிகம் தேவைப்படும். வான் ஓடுகிறவர், “உங்களைச் சிகிரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்பதை ‘லோஸ் யேவோ அ சிகிரியா’ என்று சொல்ல வேண்டும். அங்கே தொமார் வந்தால் கேட்கிறவருக்கு விளங்காது.

ஆளுக்கும் பொருளுக்கும் வினையில் வித்தியாசம் இல்லையே தவிர, வாக்கியத்தில் உண்டு. செயப்படுபொருள் மனிதராக இருந்தால் அதற்கு முன்னால் ‘அ’ என்ற சிறு சொல் வர வேண்டும். பெட்டியைக் கொண்டுபோவது ‘யேவோ லா மாலேத்தா’. அம்மாவைக் கூட்டிப்போவது ‘யேவோ அ மி மாத்ரே’.

ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த ‘அ’வை மறந்துகொண்டே இருப்பார்கள். தமிழர் மறக்கத் தேவையில்லை. ‘தண்ணீர் குடித்தேன்’ என்று ஐ உருபு இல்லாமல் சொல்வோம், ஆனால் ‘அம்மா கூட்டிப்போனேன்’ என்று யாரும் சொல்வதில்லை. மனிதர் வந்தால் ஐ கட்டாயம். அந்த ஐ விழும் இடத்தில் மனிதர் இருக்கிறாரா என்று பார்த்து ‘அ’வைப் போட்டுவிடுங்கள்.

இனி, தமிழ் நம்மைக் கவிழ்க்கும் இடத்துக்கு வருவோம். கொண்டு போ யெவார், கொண்டு வா த்ராயேர் என்று பாடம் பண்ணிக்கொள்வார்கள். பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் ஒரு விருந்தினர் அறையிலிருந்து தொலைபேசியில் அழைத்துத் துவாய் கேட்கிறார் என்று வையுங்கள். கீழே வரவேற்பில் நிற்கும் நாம் என்ன சொல்வோம்? “இந்தா, கொண்டு வாறன்.” கேட்பவர் இருக்கும் இடத்துக்குப் போவதையும் நாம் வருவதாகத்தான் சொல்வோம்.

ஸ்பானிஷில் அப்படி இல்லை. பேசுகிறவர் நிற்கும் இடம்தான் கணக்கு. அங்கிருந்து விலகிப் போனால், கேட்பவரை நோக்கிப் போனாலும், யெவார்தான். ஆகவே ‘அஓரா மீஸ்மோ ஸே லா யேவோ’, இப்போதே கொண்டு போகிறேன். யாராவது கூப்பிட்டால் “வாறன்” என்று பதில் சொல்வதற்கும் அவர்கள் ‘யா வோய்’, போகிறேன், என்றே சொல்வார்கள். எழுத்தைவிட பேச்சில்தான் இந்தப் பிழை அதிகம். விருந்தினர் உணவகத்தில் பில்லைக் கொண்டுவரச் சொல்லும்போது அவர் இருக்கும் இடத்துக்கு வருவதால் த்ராயேர் வரும்.

இன்னொன்று யெவார்ஸே. புறக்கோட்டைக் கடையில் சேலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு “சரி, இதை எடுக்கிறேன்” என்று சொன்னால் ‘மே லோ யேவோ’. அந்த ‘மே’ எனக்காக எடுத்துக்கொண்டு போகிறேன் என்பதைச் சொல்கிறது. கொத்து ரொட்டியைப் பார்சல் கட்டித் தருவதற்கு ‘பாரா யெவார்’ என்று பலகையில் எழுதுங்கள். ‘டேக் அவே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றத் தேவையே இல்லை.

## 6. பஸ், மருந்து, படம்

பஸ்ஸோ ரயிலோ எடுப்பதற்கு ஸ்பெயினில் அன்றாடம் சொல்வது கொஹேர். பாடப் புத்தகம் ஸ்பெயினில் அச்சானது என்றால் அதைத்தான் சொல்லித் தரும். அதே சொல் மெக்சிகோவிலும் ஆர்ஜென்டினாவிலும் வேறு சில நாடுகளிலும் உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். அகாடமி அகராதியே நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்நாட்டுக் குடும்பம் ஒன்று அம்மா, அப்பா, பிள்ளைகளோடு கோட்டை ரயில் நிலையத்தில் நின்று உங்கள் பயணத் திட்டத்தை வாசிப்பதை நினைத்துப் பாருங்கள்.

வாசகர் யாரென்று தெரியாவிட்டால் வாகனத்துக்குத் தொமார் எழுதுங்கள். எல்லா நாட்டவருக்கும் விளங்கும், யாரையும் முகம் சுளிக்க வைக்காது. ஸ்பெயின்காரருக்கு மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம், அவ்வளவுதான். ஸ்பெயின் குழுவுக்கு மட்டும் போகும் தாள் என்றால் தாராளமாகக் கொஹேர் போடலாம்.

மருந்துக்குத் தொமார். நாம் குளிசை போடுகிறோம், பாணி மருந்தைக் குடிக்கிறோம், அவர்கள் இரண்டுக்கும் அதையே சொல்வார்கள். ஆனால் இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் பொருள் எதையும் குறிப்பிடாமல் ‘நோ தோமோ’ என்றால் நான் மது அருந்துவதில்லை என்று அர்த்தம். ஆகவே மருந்துக் குறிப்பில் எதை எடுக்க வேண்டும் என்பதை விடாமல் எழுதுங்கள்.

படம் எடுப்பதற்கு ஸ்பெயினில் அசேர், கடலுக்கு அப்பால் தொமார். சக்கார் இரண்டு பக்கமும் செல்லும், நான் எழுதுவது அதைத்தான். படம் என்ற ‘ஃபோத்தோ’ ஓகாரத்தில் முடிந்தாலும் பெண்பால், ‘ஊனா ஃபோத்தோ’ என்றே வரும்.

## 7. கழற்றுவது

கித்தார் என்றால் அகற்று. தன் உடம்பிலிருந்து அகற்றினால் கித்தார்ஸே. ‘ஸே’ இல்லாவிட்டால் வேறு யாருடைய சப்பாத்தையோ கழற்றச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

கங்காராமையிலோ கொட்டாஞ்சேனைக் கோவிலிலோ வைக்கும் பலகைக்கு ‘கீத்தேஸே லோஸ் சபாத்தோஸ்’ போதும். ஆங்கிலத்தில் ‘யுவர்’ இருக்கிறதே என்று ‘சுஸ்’ போடாதீர்கள். உடம்பு, உடுப்பு விஷயத்தில் யாருடையது என்பதை ‘ஸே’யே சொல்லிவிடுகிறது. தமிழிலும் நாம் ‘உங்கள் சப்பாத்தைக் கழற்றுங்கள்’ என்றா எழுதுகிறோம்? சபாத்தோவும் நம் சப்பாத்தும் உறவுக்காரச் சொற்கள்தான். நமக்கு அது போர்த்துக்கேயர் வழியாக வந்தது.

தொப்பிக்கும் இதே வினை. ஒரே பலகையில் இரண்டையும் எழுதலாம்.

## 8. நேரம்

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: நேரம் செலவழிப்பது யார்?

ரயிலோ ஆளோ ஒரு வேலையைச் செய்து முடிக்க நேரம் எடுத்தால் தார்தார். அடுத்து ‘என்’ என்ற சொல்லும் வினையின் மூல வடிவமும் வரும். ‘எல் த்ரேன் தார்தா ஊனாஸ் த்ரேஸ் ஓராஸ் என் யெகார் அ கண்டி’, ரயில் கண்டி போய்ச் சேர ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் எடுக்கும். ‘ஊனாஸ்’ என்பதுதான் அந்த ‘ஏறத்தாழ’. நம் ரயில்களைப் பற்றி எழுதும்போது அதை விடாதீர்கள்.

பயணம், நடனம், சுற்றிப் பார்ப்பது போன்ற ஒரு நிகழ்வே அவ்வளவு நேரம் நீடித்தால் துரார். ‘எல் வியாஹே தூரா த்ரேஸ் ஓராஸ்.’ எழுவாயை மாற்றும்போது வினையையும் மாற்ற வேண்டும். பயணத் திட்டத்தைச் சுருக்கும்போது ரயிலைப் பயணமாக்கிவிட்டு தார்தாவை அப்படியே விட்டுவிடுவது நான் அடிக்கடி திருத்தும் பிழை.

நேரத்தைச் சொல்லாமல் ‘எல் த்ரேன் தார்தா’ என்று நிறுத்தினால் ரயில் சுணங்குகிறது என்று வாசிப்பார்கள். நேரத்துக்குத் தொமார் எழுதுவது இலத்தீன் அமெரிக்க நாடுகளில் காதில் விழும், ஸ்பெயினில் ஆங்கில வாடை அடிக்கும்.

## 9. சில்லறையாக வருபவை

அட்டை ஏற்றுக்கொள்வீர்களா என்பதற்கு அசெப்தார். வானில் எட்டுப் பேர் போகலாம் என்பதற்குக் காபேர்: ‘என் லா ஃபுர்கோனேத்தா காபென் ஓச்சோ பெர்சோனாஸ்.’ பேர்தான் எழுவாய் என்பதால் வினை பன்மையில் நிற்கும். இனித் தாங்க முடியாது என்பதற்கு அகுவாந்தார்.

ஒன்றில் மட்டும் நின்று யோசியுங்கள். “யாரோ என் பையை எடுத்துவிட்டார்” என்று விருந்தினர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைப் பொலிஸ் முறைப்பாட்டுக்காக மாற்றச் சொல்வார்கள். ரொபார் என்று எழுதினால் திருட்டு என்று நீங்களே தீர்ப்புச் சொன்னதாகும். தவறுதலாக எடுத்திருக்கவும் கூடும். யெவார்ஸே எழுதினால் அவர் சொன்னது மட்டும் நிற்கும். திருட்டு என்று அவர் சொல்லியிருந்தால்தான் ரொபார்.

## 10. ஏவலும் அழுத்தக்குறியும்

‘தோமே’ என்றால் எடுங்கள். அதே எழுத்துகளில் கடைசி உயிரின் மேல் ஒரு குறி போட்டால் நான் எடுத்தேன். யெவாருக்கும் சக்காருக்கும் இதே நிலைதான். குறி பிசகினால் வழிகாட்டல் முழுவதும் யாரோ ஒருவருடைய பயணக் கதையாக மாறிவிடும்.

சக்கார் ஏவலில் ‘சாக்கே’ ஆகும்போது எழுத்திலும் மாற்றம் உண்டு. சி போய் கியூவும் யூவும் வரும். சி-யையே வைத்தால் வாசிப்பவர் ‘சாசே’ என்பார்.

‘தோமே’க்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு பொருளை நீட்டிக்கொண்டே ‘இந்தாங்கோ’ என்று சொல்வோமே, அந்த இடத்தில் இது வரும். முதல் படியில் சொன்ன கடவுச்சீட்டு வரியை ‘தோமே சு பசபோர்த்தே’ என்று எழுதினால், இந்தாருங்கள் உங்கள் கடவுச்சீட்டு என்று நீட்டுவதுபோல் இருக்கும். கூடக் கொண்டுபோக வேண்டும் என்றால் ‘யேவே’.

எல்ல மலைநகருக்கு ரயில் எடுக்கச் சொல்லும் வரிக்கு ஒரு தனிக் குறிப்பு. எல்ல என்பதை ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துகள் ஸ்பானிஷில் ‘அவள்’ என்ற சொல், வாசிப்பதும் ‘எயா’ என்றுதான். முதல் தடவை வரும்போது ‘எல் புவெப்லோ தே’, அதாவது இன்ன ஊர், என்று முன்னால் சேர்த்துவிடுங்கள்.

## 11. ஓர் அறிவித்தலை முழுதாகச் செய்து பார்ப்போம்

ஒரு தங்குமிடத்தின் ஆங்கில அறிவித்தல். நான்கு வரி, நான்கிலும் ‘டேக்’: சப்பாத்து, படிக்கட்டு, திறப்பு, லிஃப்ட்.

சப்பாத்து வரியில் ‘ஆஃப்’ ஒட்டியிருக்கிறது. தமிழில் கழற்று. ‘கீத்தேஸே லோஸ் சபாத்தோஸ்.’

படிக்கட்டு வரிக்குத் தமிழில் ‘படியால் போங்கள்’ என்றுதான் வருகிறது, எடுப்பது எதுவும் இல்லை. அறிவித்தலைக் கீழ்த்தளத்தில் மட்டும் ஒட்டப் போகிறார்கள் என்றால் ‘சூபா போர் லா எஸ்கலேரா’, படியால் ஏறுங்கள். எல்லா மாடியிலும் என்றால் ஏறச் சொல்ல முடியாது. ‘ஊஸே லா எஸ்கலேரா’, படியைப் பயன்படுத்துங்கள். எங்கே ஒட்டுவார்கள் என்று கேட்காமல் இதை முடிக்க முடியாது.

திறப்பு வரி: வெளியே போகும்போது திறப்பைக் கொண்டு போங்கள். ‘அல் சலிர், யேவேஸே லா யாவே.’ இங்கே தோமே போட்டால், திறப்பை யாரோ நீட்டுவார்கள் என்று விருந்தினர் வரவேற்பில் காத்து நிற்பார்.

லிஃப்ட் வரியில் ஆங்கிலத்துக்கு லிஃப்ட் எழுவாய். தமிழில் ‘லிஃப்டில் நாலு பேர் போகலாம்’. ஸ்பானிஷும் தமிழ்ப் பக்கம்தான்: ‘என் எல் அஸென்சோர் காபென் குவாத்ரோ பெர்சோனாஸ்.’ மெக்சிகோ விருந்தினர் அதிகம் என்றால் அஸென்சோரை எலெவதோர் ஆக்குங்கள்.

நான்கு ‘டேக்’, ஓரிடத்திலும் தொமார் வரவில்லை.

## 12. அச்சுக்குக் கொடுக்கும் முன்

ஆங்கில மூலத்தைப் பார்க்காத, ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரிடம் உங்கள் வரிகளைக் கொடுத்து, தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் படியில் நீங்கள் பென்சிலால் எழுதிய வினைகள் திரும்பி வருகின்றனவா என்று ஒப்பிடுங்கள். மூலத்தைப் பார்த்தவரிடம் கொடுப்பதில் பயனில்லை, அவர் மனதில் ஏற்கெனவே ‘டேக்’ உட்கார்ந்திருக்கும்.

பலகைகளில் பெரும்பாலும் பெரிய எழுத்து கேட்பார்கள். பெரிய எழுத்துக்கும் அழுத்தக்குறி கட்டாயம் என்பது அகாடமியின் விதி. அச்சகத்தில், பெரிய எழுத்தில் குறி வடிவாக இல்லை, எடுத்துவிடுவோமா என்று கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள். கோப்பைப் பிடிஎஃப் ஆக, எழுத்துருவை உள்ளே பதித்து அனுப்புங்கள். மாதிரித் தாள் வந்ததும் கீத்தேஸேயின் ‘கீ’க்கு மேலும் யேவேஸேயின் முதல் ‘யே’க்கு மேலும் குறி இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.